மரியசெல்வி பட்டணம் பார்த்தது

மரியசெல்வியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஏற்காட்டுக்கு வரவில்லை. கொண்டை ஊசி வளைவு என்றாலே மாப்பிள்ளையின் தாயாருக்குக் குமட்டுமாம். "நீங்களே மெட்ராசுக்கு வந்துருங்க, ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று சொல்லியனுப்பினார்கள்.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று அவளுடைய அப்பா சிங்கராயர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கிளியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் கணக்கெழுதும் ரைட்டர். நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கடைசியில், பட்டணம் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். தாயில்லாத பெண்ணுக்குத் துணையாக அவருடைய தங்கை சாந்தாமேரியும் வந்தாள்.

அது எண்பத்தொன்றாம் வருடம். மரியசெல்வி எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்தாள். பழம் பறிக்கப் போகும் பெண்கள் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுவது, பால் கரைத்துக் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது. சேலத்தைத் தாண்டி அவள் போனதில்லை. கடல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கரடியூர் மலைமுனை ஞாபகம்தான் வரும். மழை விட்ட காலையில் அங்கே விளிம்பில் நின்றால் கீழே ஊரும் வயலும் இருக்காது. வெள்ளையாக மேகம் மட்டும் கண்ணுக்கெட்டிய மட்டும் அசையாமல் கிடக்கும். கடலும் அப்படித்தான், சத்தமே இல்லாமல் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

ரயில் விடியலில் சென்ட்ரலுக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை ஞானசுந்தரம் நடைமேடையில் காத்திருந்தான். பூர்வீகம் சேலம் பக்கம், பிறந்து வளர்ந்தது ராயபுரம், துறைமுக ஆபீசில் குமாஸ்தா. சிங்கராயரின் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சாலையைக் கடக்கும்போது கையை நீட்டி வண்டிகளை நிறுத்திவிட்டு, அவர்கள் எல்லோரும் தாண்டும் வரை நடுரோட்டில் நின்றான். மரியசெல்விக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் அவனுடைய தாயார் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். இட்லி பரிமாறிக்கொண்டே, "மொதல்ல ஊரைப் பாத்துட்டு வாங்க. சாயங்காலம் உக்காந்து பேசிக்கலாம்" என்றார்.

நாலு பேரும் பஸ் ஏறினார்கள். எழும்பூர் மியூசியத்தில் கூரையிலிருந்து தொங்கிய திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் நின்று சாந்தாமேரி, "ஏனுங் தம்பி, இதெல்லாம் நெசமாவே தண்ணிக்குள்ள திரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். சாந்தோம் கோயிலில் சிங்கராயர் நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். மரியசெல்விக்குத் தூங்காத கண்ணில் எல்லாமே கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மிதந்தபடி தெரிந்தன.

கோயிலிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள். லிஃப்டைப் பார்த்ததும் சிங்கராயர் பின்வாங்கினார். "பொட்டியில வெச்சு இழுக்கறாங்களே, எனக்கு வேண்டாம் சாமி." சாந்தாமேரி, முழங்கால் வலிக்கிறது என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

மேலே கதவு திறந்ததும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மரியசெல்வி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு பார்த்தாள். கடல் கீழே கிடக்கவில்லை. ஊருக்கு மேலே நீலமாக எழுந்து நின்றது. அதன் நடுவே கப்பல்கள் ஆகாயத்தில் மாட்டி வைத்தது போலத் தொங்கின. அத்தனை உயரத்திலும் அதன் இரைச்சல் கேட்டது. அவள் நினைத்திருந்தது எதுவும் அங்கே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றான் ஞானசுந்தரம்.

அவள் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

"நான் வேற ஒரு பொண்ண விரும்பறேன். எங்க ஆபீசுலதான் டைப்பிஸ்ட். ஆயிஷான்னு பேரு. அம்மாகிட்ட ஒருவாட்டி சொன்னேன், சோறு தண்ணி இல்லாமப் படுத்துட்டாங்க. வேண்டாம்னு சொல்லத் தைரியமில்லாம உங்கள இவ்வளவு தூரம் வர வெச்சுட்டேன்."

மரியசெல்வி திரும்பவும் கம்பியைப் பற்றிக்கொண்டாள். காலையிலிருந்து அவனைப் பற்றி மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த சின்னச் சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்திருக்கறது அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். நேத்தே அழுதுட்டுத்தான் வேலை பாத்துச்சு."

"ஆபீசு எங்கிருக்குது?"

அவன் வடக்கே கை காட்டினான். தூரத்தில் கிரேன்கள் குச்சி குச்சியாகத் தெரிந்தன. அவற்றின் காலடியில் எங்கேயோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்ததும் மரியசெல்விக்கு அவள்மேல் கோபம் வர மறுத்தது.

"எனக்குப் புடிக்கலீன்னு நான் சொல்லிடறேனுங்க."

அவன் திடுக்கிட்டான். "பழி உங்களுக்கு வருமே."

"வந்தா வரட்டும். உங்கம்மா உங்களத் திட்ட முடியாதில்ல? மத்ததை நீங்க தைரியமாப் பேசிக்கோங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா பொழுது இன்னும் நெறைய இருக்குதுங்க. மிச்ச ஊரையும் காட்டுங்க."

காட்டினான். பெண் பார்க்கப்படுகிற பெண்ணாக இல்லாமல் அவள் அந்த ஊருக்குள் நடந்தாள். தலை குனிய வேண்டியிருக்கவில்லை. மெரினாவில் அலை வந்து பாதத்தடியில் மணலை உருவிக்கொண்டு போனபோது சத்தம் போட்டுச் சிரித்தாள். சாந்தாமேரி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டாள். ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களில் வெயில் சாய்ந்திருந்தது. துறைமுகத்து வாசலில் நின்றபோது ஒரு கப்பல் ஊதியது. அந்தச் சத்தம் உடம்பில் புகுந்து உள்ளங்காலில் இறங்கியது. தெருவெல்லாம் உப்பும் மீனும் டீசலும் மணந்தன. முகம் தெரியாத ஆயிரம் பேர் அவளைக் கவனிக்காமல் கடந்து போனார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதமா என்று ஒப்புக்குத்தான் கேட்டார்கள்.

"எனக்குப் புடிக்கலீங்க" என்றாள் மரியசெல்வி.

ஞானசுந்தரத்தின் தாயார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். வாசல் வரைகூட வழியனுப்ப வரவில்லை.

ரயில் அரக்கோணத்தைத் தாண்டியது. சிங்கராயர் மெதுவாகக் கேட்டார். "ஏஞ்சாமி, அந்தப் பையன் உன்னைய ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லீங்கப்பா. நல்லவருதான்."

"அப்பறம் ஏன்?"

"எனக்கு நர்சு வேலை படிக்கோணுமுங்கப்பா. இந்த ஊர்லயே."

"கல்யாணம் வேண்டாம், பட்டணம் மட்டும் வேணுமா?"

"ஆமாங்கப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாந்தாமேரிதான் சேலம் வரை புலம்பிக்கொண்டு வந்தாள்.

அந்த வருடம் ஊரில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பெண்கள் காதுபடவே பேசினார்கள். மரியசெல்வி காப்பகத்துக்குப் போனாள், வந்தாள், கேட்டதையே அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றை அவள் விடிய விடியத் தோளில் வைத்திருந்து பிழைக்க வைத்ததைப் பார்த்த பிறகு, சிங்கராயர் தானே பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினார். மறு ஆனியில் அவள் மெட்ராசில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பார்க்க யாரோ வந்திருப்பதாக ஹாஸ்டலில் சொன்னார்கள். கீழே பச்சைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி மல்லிகைப் பொட்டலத்தோடு நின்றாள்.

"நான் ஆயிஷா" என்றாள்.

பொட்டலத்தை மரியசெல்வியின் கையில் வைத்தாள். பிறகு ஆயிஷா சொன்னாள். ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டது. மாமியார் வெகுநாள் முகம் பார்க்கவில்லை, இப்போது கறி எப்படி வைப்பது என்று அதட்டிச் சொல்லித் தருகிறார். மரியசெல்வி இங்கே படிப்பது சேலத்து உறவுக்காரர்கள் மூலம் போன வாரம்தான் தெரிந்ததாம்.

"எங்களுக்காக ஏன் அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இருந்துச்சுங்க" என்றாள் மரியசெல்வி. "கொஞ்ச நாள் நல்லாவே இருந்துச்சு. அப்பறம் வேலைக்கே பொழுது சரியாப் போச்சு."

ஆயிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. சற்று நேரம் கழித்து, "இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? கிண்டி பாம்புப் பண்ணை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்களே."

"வாங்க, போவோம்."

மரியசெல்வி வார்டனிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் ஆயிஷா அவளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள்.