மாமா கண்ணைப் பாருங்க

ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது. காண்ட்ராக்டர் எனக்குத் தர வேண்டிய கூலி. அவருடைய புதுக் கட்டடத்தின் மேல்மாடிக்கு மணலும் சிமெண்டும் சுமந்த வகையில் நின்றுபோனது. கேட்கப் போகும்போதெல்லாம், "சனிக்கிழமை வா, பாத்துக்கலாம்" என்பார். சனிக்கிழமை போனால் அவர் இருக்க மாட்டார்.

வீட்டில் தையல் மெஷினின் மோட்டார் புகைந்து, ரிப்பேர் கடையில் கிடந்தது. காசை வைத்தால்தான் மோட்டாரைத் தொடலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மெஷின் ஓடாததால் என் மனைவிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மச்சினன் வந்தான். கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவன்.

"எலெக்‌ஷன்ல நிக்கிற ஒருத்தருக்கு விளம்பரப் படம் எடுக்கணும் மாமா. கூட நிக்க உழைப்பாளி ஒருத்தர் வேணும். உங்க மூஞ்சிய விட்டா வேற மூஞ்சி ஏது?"

"என் மூஞ்சிக்கு என்னடா?"

"பாத்தாலே பாவமா இருக்கு. அதான் வேணும்."

அரை நாள் கூலி தருவதாகச் சொன்னான். எனக்கு முன்பே அவன் அக்கா சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவன் என்னைக் கூட்டிப்போன இடம், நான் மணல் சுமந்த அதே மேல்மாடி. ஜன்னலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. படியேறி வந்த வேட்பாளர், அதே காண்ட்ராக்டர்தான். சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது.

"நீயா?"

"நான்தாங்க, முதலாளி."

"ரெண்டு பேருக்கும் பழக்கமா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றான் மச்சினன்.

அவனுக்கு இதுதான் முதல் அரசியல் படம். முந்தின ராத்திரி தெருத்தெருவாகப் போய் மற்றவர்களின் போஸ்டர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"எல்லாரும் கையைக் கூப்பிக்கிட்டு வானத்தைப் பாக்குறாங்க சார். மழை வருமான்னு பாக்குற மாதிரி இருக்கு. நமக்கு ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கேமரா இருக்குன்னே மறந்துடுங்க. மாமா கையைப் பிடிங்க. அவர் கண்ணைப் பாருங்க."

காண்ட்ராக்டர் என் கையைப் பிடித்தார். என் காதைப் பார்த்தார். அடுத்த படத்தில் என் நெற்றியைப் பார்த்தார். அதற்கடுத்ததில் மூலையில் கிடந்த மணலைப் பார்த்தார்.

"சார், மாமாவுக்குக் கண்ணு மேல இருக்கு. நீங்க பாக்குறது சட்டைப் பொத்தானை."

"பாத்துக்கிட்டுத்தான்யா இருக்கேன்."

மச்சினன் எங்களை இடம் மாற்றி நிறுத்தினான். சிமெண்டு மூட்டைமேல் உட்கார வைத்தான். சிரிக்கச் சொன்னான். காண்ட்ராக்டர் சிரித்தபோது பல்வலிக்காரர் போல இருந்தார். நான் மட்டும் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தேன். போன மாதமெல்லாம் அவருடைய காரின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்தவன் நான்.

மச்சினன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப்போனான்.

"உண்மையச் சொல்லுங்க மாமா. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல என்ன?"

சொன்னேன்.

"அக்கா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நான்தான் சொல்ல வேணாம்னேன். உன்கிட்டயும் மானம் போகணுமா?"

அவன் கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்தான். பிறகு நேரே காண்ட்ராக்டரிடம் போனான்.

"சார், வெளிச்சம் சரியா இருக்கு. கேமராவும் சரியா இருக்கு. படம் வராததுக்குக் காரணம் ஏழாயிரத்து முந்நூத்தி நாப்பது."

"அதுக்கும் படத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அது கேமராவுக்குத்தான் தெரியும். மதியம் ஆனா இந்த ஜன்னல்ல வெளிச்சம் போயிடும். சாயங்காலம் போஸ்டர் அச்சுக்குப் போகணும்னு நீங்கதான் சொன்னீங்க."

காண்ட்ராக்டர் ஜன்னலைப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டுப் பையைக் கொண்டுவரச் சொன்னார். ஏழாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தார். அந்த நிமிஷம் மச்சினன் பட்டனை அழுத்திவிட்டான்.

எங்களுக்குக் காட்டினான். காண்ட்ராக்டர் என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம். நடுவில் பணம் இருந்தது.

"எலெக்‌ஷன் நேரத்துல ஓட்டுப் போடுறவன் கையில காசு" என்றார் காண்ட்ராக்டர். "இதை ஒட்டினா நான் நேரா உள்ள போக வேண்டியதுதான். அழிய்யா."

பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி கையைக் கொடுத்தேன். மச்சினன் எடுத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு கண்ணு வந்துருச்சு. இன்னொண்ணு தோள்பட்டையிலயே நிக்குது. மாமா, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

"முந்நூத்தி நாப்பது."

"யோவ், அது சில்லறைய்யா!"

"சில்லறைதான் சார். ஆனா படத்துல தெரியுதே."

காண்ட்ராக்டரிடம் பெரிய நோட்டாகத்தான் இருந்தது. முந்நூற்று நாற்பதை டிரைவரிடம் வாங்கி எனக்குக் கொடுத்தார். டிரைவர் கீழே இறங்கிப்போய்க் காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த படம் நன்றாக வந்தது. இரண்டு கண்ணும் இருந்தன.

"இனி ஒரே ஒரு படம். சார் மட்டும், நேரா கேமராவைப் பாத்து" என்ற மச்சினன், கேமராவைக் கீழே இறக்கினான். "அதுக்கு முன்னாடி என் கூலியையும் குடுத்துடுங்க சார். கேமராவுக்குப் பின்னாடி நான்தானே நிக்கிறேன்."

அதையும் கொடுத்தார். அந்தப் படமும் நன்றாகத்தான் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ரிப்பேர் கடையைச் சாத்துவதற்குள் போக வேண்டும் என்று படியிறங்கினேன். பாதியில் காண்ட்ராக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். காலையிலிருந்து பழகியதில் இப்போது நன்றாகவே பார்த்தார்.

"நம்ம கணக்கு தீந்துச்சு. சரிதானே?"

"தீந்துச்சுங்க."

"இனி நீதான் எனக்கு ஒரு ஓட்டு பாக்கி."

"சனிக்கிழமை வாங்க முதலாளி, பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.