அலமாரியின் முதுகு

கல்யாணமாகி அரை வருஷத்துக்கு மேல் ஆகியும் அவளுடைய துணிமணியெல்லாம் இன்னும் பெட்டியில்தான் இருந்தது. சக்கரம் வைத்த நீலப் பெட்டி, கட்டிலுக்கு அடியில். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதை இழுத்து, வேண்டியதை உருவிக்கொண்டு, காலாலேயே உள்ளே தள்ளிவிடுவாள். விருந்தாளியாக வருகிறவர்கள்கூட நாலு நாளில் கொடியில் துணியைப் போட்டு உரிமை கொண்டாடிவிடுவார்கள். இவள் சொந்த வீட்டில் ரயிலுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

அந்த அறையில் அலமாரி இல்லாமல் இல்லை. ஆளை மிரட்டுகிற மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரட்டைக் கதவு, உச்சியில் கொடியும் இலையுமாகச் செதுக்கிய வேலைப்பாடு, மேலே மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போய்த் தார் ஊற்றிய மாதிரி ஒரு நிறம். அது அவள் கணவனின் முதல் மனைவி புழங்கிய அலமாரி. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். துணிகளையெல்லாம் நாத்தனார் அப்போதே மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். இவள் வந்த புதிதில் ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைத் திறந்தாள். நாலைந்து ஹேங்கர்களும் பாச்சை உருண்டை வாசனையும்தான் உள்ளே இருந்தன. திருட வந்தவள் போலப் பட்டென்று மூடிவிட்டாள்.

சாவி பூட்டிலேயே தொங்கியது. திறக்காதே என்று யாரும் சொன்னதில்லை. திற என்றும் யாரும் சொல்லவில்லை. காலி அலமாரிக்குப் பக்கத்தில் ஒருத்தி பெட்டியை வைத்துக் குடித்தனம் நடத்துவது அந்த வீட்டில் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

யாரும் என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ளவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவைக்கிற மனுஷன், வீட்டில் ஒரு முடிவை அங்குலம் நகர்த்தமாட்டான். அடுத்து குட்டி, அவனுடைய மகள். பதிமூன்று வயதிலும் அப்பா குட்டி என்றே கூப்பிட, வீடும் அப்படியே கூப்பிட்டது. குட்டி இவளிடம் சண்டை போட்டதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. வாங்க, போங்க என்று மரியாதை குறையாது. ஆனால் முறை வைத்து மட்டும் கூப்பிடமாட்டாள். அம்மா, சித்தி, ஆன்ட்டி எதுவும் கிடையாது. கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் கதவைத் தட்டுவாள். கதவு இல்லாத இடத்தில் தொண்டையைக் கனைப்பாள்.

இவளுக்கு வேலை பெயிண்ட் கடையில், கலர் கலக்கும் மெஷினில். கடையில் அவளுக்குக் கலர்க்காரி என்றே பெயர். பொத்தானைக் கொண்டுவந்து இந்த நிறம் வேண்டும் என்பார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒருவர் தன் வீட்டுப் பூனையையே தூக்கி வந்துவிட்டார். கலர்க்காரி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மெஷினில் நாலு எண்ணைத் தட்டி, அச்சு அசலாக எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஊர் வீட்டுக்கெல்லாம் நிறம் சொல்கிறவளுக்குத் தன் படுக்கையறையில் நிற்கும் அந்தக் கறுப்பைப் பற்றி வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை. ராத்திரி முழிப்பு வந்தால் அது ஒரு ஆள் மாதிரி நிற்கும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அலமாரிக்குப் பின்சுவர் ஓதம் காத்து, வார்னிஷ் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. கதவு உப்பி, திறந்தால் முனகியது. கீழ்ப்பலகையில் பூஞ்சை வாடை. இனியும் சும்மா விட்டால் மரம் போய்விடும் என்று கணவனுக்கே தோன்றிவிட்டது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் உடனே செய்த காரியம், அக்காவுக்கு போன் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அலமாரி அவள் கொடுத்தது. தம்பியின் முதல் கல்யாணத்துக்குச் சீராகத் தந்தாள், அன்றிலிருந்து அதற்கு அவள்தான் பேச்சாளர்.

"இது தேக்கு. சும்மா சாதாரணத் தேக்கு இல்ல. பழைய வார்னிஷ எடுத்துட்டு நல்லா பாலீஷ் போடுங்க, கண்ணாடி மாதிரி வரும். பெயிண்டு கியிண்டுன்னு அதுமேல யாராவது கைய வெச்சீங்க, இந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

தம்பி ஒரு நொடி அலமாரியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்று நாம் சொல்லவேண்டாம்.

"பாலீஷும் வேணாம், பெயிண்டும் வேணாம்." வாசல் ஓரம் சாய்ந்து நின்ற குட்டி சொன்னாள். "அது அம்மாவோடது. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே விட்டா செல்லு அரிச்சிரும் குட்டி," என்றான் அப்பா.

"பரவால்ல."

எல்லோரும் கலர்க்காரியைப் பார்த்தார்கள். அவளுக்கு என்ன ஆசை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அந்தக் கறுப்பு போகவேண்டும். அறைக்கு வெளிச்சம் வரவேண்டும். வந்த நாளிலிருந்து நல்ல இலைப்பச்சை ஒன்று அவள் மனதில் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், செத்தவளின் அலமாரியை அழித்தவள் என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். குட்டி அதன் பிறகு தொண்டையைக்கூடக் கனைக்கமாட்டாள்.

"அண்ணி சொல்ற மாதிரி பாலீஷே போடலாம்," என்று மனசாரப் பொய் சொன்னாள். பிறகு, கடையில் எந்த வாடிக்கையாளருக்கும் சொல்கிற வாசகம் தானாக வாயில் வந்தது. "எதுக்கும் முதல்ல பின்பக்கம் ஒரு ஓரத்துல போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

அடுத்த வாரம் விடுமுறை நாளில் அவளும் கணவனும் அலமாரியின் கால்களுக்கு அடியில் பழைய போர்வையைத் திணித்து, மூச்சுப் பிடித்து, இழுத்துத் திருப்பினார்கள். குட்டி உதவிக்கு வரவில்லை, காவலுக்கு வந்திருந்தாள். கணவன் தண்ணீர் குடிக்கப் போனான். சுவரோரம் பல்லுப் போன சீப்பு ஒன்றும் கைப்பிடித் தூசியும் கிடந்தன. அலமாரியின் முதுகு வார்னிஷ் இல்லாத வெறும் பலகை. ஒட்டடையை விலக்கப் போனவள் கை அப்படியே நின்றது.

முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கத்தில் பக்கத்தில் மூன்று பட்டைகள் இருந்தன. சாம்பல், பச்சை, மஞ்சள். பிரஷ்ஷால் நிதானமாக இழுத்த பெயிண்ட்.

"ஓ," என்றாள் குட்டி. "நீங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க. எங்ககிட்ட சும்மா ஒப்புக்குக் கேட்டிருக்கீங்க."

கலர்க்காரிக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் பெட்டியிலிருந்து உடுத்திக்கொண்டு, மூச்சு விடாமல் இருந்ததற்கு இதுதான் பலனா என்று அழுகை வந்தது. ஆனாலும் கண் பட்டைகளை விட்டு நகரவில்லை. தொழில் புத்தி. போனில் டார்ச்சைப் போட்டுக் கிட்டத்தில் பிடித்தாள்.

"இங்க வா. வந்து பாரு. நான் அடிச்சிருந்தா இந்த ஒட்டடையெல்லாம் பெயிண்டுக்குள்ள மாட்டியிருக்கும். இது மேல பின்னியிருக்கு. அப்புறம், இந்தச் சாம்பல் உங்க ஜன்னல் கம்பில இருக்கிற அதே எனாமல். இத அடிச்சுப் பல வருஷம் ஆச்சு."

குட்டி வந்தாள், நம்பாத முகத்தோடுதான். உட்கார்ந்து பார்த்தாள். டம்ளரோடு திரும்பிய அப்பா, இருவரும் அலமாரிக்குப் பின்னால் குந்தியிருப்பதைக் கண்டு எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சோமே அப்போ," என்றான். "எல்லாத்தையும் நடுவுல இழுத்துப் போட்டிருந்தோம். நான் வேலைக்குப் போயிட்டேன். பெயிண்டர்ங்கதான் திரும்பத் தள்ளி வெச்சாங்க. இந்த அலமாரி ராத்திரில ஒரு ஆள் நிக்கிற மாதிரி இருக்கு, ஏதாவது கலர் அடிச்சிரலாமான்னு உங்கம்மா கேட்டா. அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கோன்னு சொன்னேன். அதோட அவ அந்தப் பேச்சையே எடுக்கல."

ஒரு ஆள் நிற்கிற மாதிரி. நேரில் பார்த்திராத அந்தப் பெண்மேல் கலர்க்காரிக்குத் திடீரென்று அப்படியொரு பிரியம் வந்தது. இந்தக் கட்டிலில், இதே பக்கம் படுத்து, அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள்.

"இது என்ன?" என்றாள் குட்டி.

மஞ்சள் பட்டையின் கீழ்முனையில் மூன்று கோடுகள் குறுக்கே ஓடியிருந்தன. ஈரப் பெயிண்டில் யாரோ விரலால் இழுத்த கோடுகள். பென்சில் தடிமன்கூட இல்லாத சின்ன விரல்கள்.

குட்டி தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு கோட்டை மறைத்து அடுத்த கோட்டையும் தொட்டது அவள் விரல்.

"எண்ணெய் போட்டுத் தேச்சாங்க," என்றாள் மெதுவாக. "என் கையப் பிடிச்சு, எண்ணெயும் துணியும் வெச்சு. மஞ்சளா இருந்துச்சு. அம்மா சிரிச்சாங்க. அது எதுக்குன்னே தெரியாம இத்தன நாள் ஞாபகம் வெச்சிருந்தேன்."

பிறகு அழுதாள். அப்பாவும் அழுதான், டம்ளரைக் கையில் பிடித்தபடியே. கலர்க்காரி எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தாள். எழ முடியாதபடி அவள் முழங்கைமேல் குட்டி சாய்ந்திருந்தாள். அது தெரிந்து சாய்ந்ததா தெரியாமல் சாய்ந்ததா என்று இவள் ஆராயவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு குட்டி கேட்டாள். "இதுல எது அவங்களுக்குப் பிடிச்சிருக்கும்?"

"மஞ்சள்."

"எப்படிச் சொல்றீங்க?"

"சாம்பலும் பச்சையும் ஒரு தடவதான் அடிச்சிருக்காங்க, உள்ள மரம் தெரியுது பாரு. மஞ்சள் மட்டும் காயவிட்டு ரெண்டாவது கோட் போட்டு, அகலமாவும் இழுத்திருக்காங்க. கடைல தெனமும் பாக்கறேன். பிடிக்காத கலர யாரும் ரெண்டு தடவ அடிக்க மாட்டாங்க."

குட்டி தலையைச் சாய்த்து மஞ்சளை நன்றாகப் பார்த்தாள். "எனக்குப் பிடிக்கல," என்றாள். "ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கு."

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" குட்டி திரும்பி இவளைக் கேட்டாள். "பாலீஷ்னு சொல்லாதீங்க. அத்தைக்குப் பயந்து சொன்னீங்கன்னு அன்னிக்கே தெரியும்."

அந்த வீட்டுக்கு வந்து முதன்முறையாக அவள் மனதில் இருந்ததை அப்படியே சொன்னாள். "பச்சை. வந்த நாள்லேர்ந்து."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் வார்னிஷ் அப்படி இல்லை. சாயங்காலம் சாயங்காலமாகச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மூன்று பேரும் தலை முதல் கால்வரை தூசியாக நின்றார்கள். அப்படித் தேய்த்ததில் ஒரு ரகசியம் வெளிவந்தது. செதுக்கு வேலையும் கதவுச் சட்டமும் மட்டும்தான் தேக்கு. நடுப்பலகை, பக்கவாட்டு, உள்தட்டு எல்லாம் ஏதோ பேர் தெரியாத மலிவு மரம். அதை மறைக்கத்தான் அவ்வளவு கறுப்பு. கடைக்காரன் நாத்தனார் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். இதை அவள் காதில் போடுவதில்லை என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

ஆகவே தேக்குக்கு பாலீஷ், மற்றதற்கு பெயிண்ட் என்று மரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெளிப்பலகைகளுக்கு இலைப்பச்சை. உள்பக்கம் முழுக்க அந்த மஞ்சள். குட்டிதான் சொன்னாள், கதவை மூடினால் நம்முடையது, திறந்தால் அம்மாவுடையது என்று. மஞ்சளைக் கலர்க்காரி கடை மெஷினில் மூன்று தடவை கலக்கி, மூன்றாவது தடவை சரியாகக் கொண்டுவந்தாள். முதுகை மட்டும் யாரும் தொடவில்லை. பழைய மூன்று பட்டைகளுக்குப் பக்கத்தில் புதுப் பச்சையை ஒரு பட்டை இழுத்துப் பார்த்தார்கள். அது காய்வதற்குள் குட்டி வேண்டுமென்றே அதில் மூன்று விரலை ஓட்டினாள். யாரும் திட்டவில்லை, எண்ணெய்தான் தேடினார்கள்.

நாத்தனார் வந்தாள். சொன்ன சொல் மாறாதவள், வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள். அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, பச்சை என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி, "சட்டத்துல பாலீஷ் நல்லா எடுத்திருக்கு," என்றாள். "தேக்குன்னா தேக்குதான்." குட்டி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

எல்லாம் ஆயிற்று. பெயிண்ட் வாடையும் போயிற்று. ஆனால் நீலப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. கதவைத் திறந்து காற்றாட விடுவாள், மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், மூடிவிடுவாள். கணவனிடம் கேட்டால் வைத்துக்கொள் என்றுதான் சொல்வான். அவன் சொல்லி வைப்பது அவளுக்குப் போதவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது குட்டி எதிரில் வந்து நின்றாள்.

"நாளன்னிக்கு ஸ்கூல் டூர். அந்த நீலப் பெட்டி எனக்கு வேணும்."

"எடுத்துக்கோயேன். இரு, துணியெல்லாம் எடுத்துட்டுத் தரேன்."

"எடுத்தாச்சு."

கலர்க்காரி அறைக்குள் போனாள். அலமாரி இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. மஞ்சளுக்கு முன்னால் அவளுடைய துணிகள் வரிசையாகத் தொங்கின. சிலது உள்பக்கம் வெளியே தெரிய, சிலது ஒரே ஹேங்கரில் இரண்டு மூன்றாக. மடிப்பு ஒன்றும் உருப்படியாக இல்லை. அவள் எதையும் சரிசெய்யவில்லை.

"கீழ்த் தட்டு எனக்கு," என்றாள் குட்டி பின்னாலிருந்து. "அதுல எதையும் வெக்காதீங்க."

"சரி," என்றாள் அவள். "டூர் முடிஞ்சு வந்ததும் பெட்டியக் கட்டிலுக்கு அடிலயே தள்ளி வெச்சிரு."

"மாட்டேன், இனிமே அது என்னோடது," என்றாள் குட்டி, பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டிப் பார்த்தபடி. "உங்களுக்கு எதுக்குப் பெட்டி? நீங்க எங்க போகப் போறீங்க?"