கைக்குட்டைக்கு அடியில்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ஹாலில் உட்கார்ந்து பூட்டுத் திறப்பார், அவ்வளவுதான். சாவி இல்லாமல். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதருக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. கல்யாணமான புதிதில் என் அம்மா வந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் தெருவில் ஏதாவது காணாமல் போனால் நம் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கூட்டத்துக்கென்று சில பழக்கங்கள் உண்டு. சொந்தப் பூட்டைத்தான் தொடலாம். யாரோ புழக்கத்தில் வைத்திருக்கிற பூட்டின் பக்கம் கை போகக் கூடாது. ஒருவர் திறந்துவிட்டால் பெருமையடிக்காமல் மறுபடி பூட்டி, திறந்த கருவியையும் சேர்த்து, இடது பக்கம் இருப்பவரிடம் நீட்டிவிட வேண்டும். ஏதாவது பூட்டில் பெரிய கோளாறு தெரிந்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுவார்கள். கம்பெனி சரிசெய்ய அவகாசம் கொடுத்த பிறகுதான் இணையத்தில் வீடியோ போட்டு ஊருக்குச் சொல்வார்கள். இதையெல்லாம் கோயில் காரியம் மாதிரி பயபக்தியோடு செய்வார்கள். நான் காபி கொண்டுபோய் வைக்கும்போது, திருட்டுப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பதற்கு உரிய விஷயமாகத்தான் இருந்தது.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வார்டில் கடும் வலிக்குப் போடும் ஊசி மருந்தை ஓர் இரும்பு அலமாரியில் வைத்துத் தொங்குபூட்டுப் போட்டிருப்போம். டியூட்டியில் இருக்கும் நர்ஸின் யூனிஃபார்மில் சாவி ஊக்குப் போட்டுத் தொங்கும். மாற்றுச் சாவி சூப்பரின்டென்டன்ட் அறையில், முத்திரை வைத்த உறையில் இருக்கும். ஒரு நாள் என் டியூட்டி முடிந்து அடுத்தவளிடம் ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்த்தால் மருந்து குறைந்தது. பூட்டில் கீறல் இல்லை. உறையின் முத்திரை உடையவில்லை. சாவி என் தோளை விட்டு இறங்கவே இல்லை. பிறகு யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை. விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். குற்றம் உறுதியானால் வேலை போவதோடு நிற்காது, நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு இனி எங்கேயும் நிற்க முடியாது.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, அது என்ன பூட்டு என்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைத் திருடி என்கிறார்கள், இவருக்குப் பூட்டு விசாரணை. இருந்தாலும் சொன்னேன். சின்னது, சாம்பல் நிறம், அடியில் ரப்பர் உறை போட்டிருக்கும். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

அந்தப் பூட்டை அவர்கள் போன மழைக்காலத்திலேயே திறந்துவிட்டார்களாம். ஒரு மெல்லிய தகடு போதுமாம், கீறல்கூட விழாதாம். கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில்தான் இது அதிகம் போகிறது, புது மாடல் வரும் வரை தயவுசெய்து வெளியே விடாதீர்கள் என்று பதில் வந்ததாம். இவர்களும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தானே, நம்ம வீட்டுல ஒருத்தி ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்குறா, அங்க இந்தப் பூட்டு இருக்கான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா ஏன் கேக்கறேன்னு நீ கேப்பே. அப்புறம் சொல்ல வேண்டியதாயிடும்."

நல்ல பதில். நான் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த ஞாயிறு பூட்டு எதுவும் மேசைக்கு வரவில்லை. என் விஷயம்தான் வந்தது. கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருக்கும் பல் டாக்டர், உடனே வீடியோ போட்டுவிடலாம் என்றார். சாவி இல்லாமலே திறக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தால் சாவி வைத்திருந்தவள்மேல் மட்டும் எப்படிப் பழி போட முடியும் என்பது அவர் வாதம். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் உண்டு, அவர் ஒரேயடியாக மறுத்தார். இந்த அக்கா ஒருத்தரைக் காப்பாற்ற எத்தனை ஆஸ்பத்திரி அலமாரியைத் திறந்துவிடுவது, மருந்துக்கு அலைகிறவன் முதல் ஆளாக அந்த வீடியோவைப் பார்ப்பான் என்றார். அவர் என்னை வைத்துக்கொண்டே பேசியது எனக்குப் பிடித்திருந்தது. டாக்டர் பேசினால் டாக்டர் சொல்வது சரி என்று பட்டது. மெக்கானிக் பேசினால் அதுவும் சரி. வலியில் துடிக்கிறவருக்குப் போட மருந்து இல்லாமல் நின்றிருக்கிறேன், அந்த நிலை இன்னொரு வார்டுக்கு என்னால் வர வேண்டுமா? ஆனால் நான் எடுக்காத மருந்துக்கு நான் ஏன் நாசமாகப் போக வேண்டும்? தலைகால் புரியவில்லை.

கடைசியில் மெக்கானிக்கே ஒரு வழி சொன்னார். விசாரணை அறையில் மட்டும் திறந்து காட்டுவது. அதுவும் பூட்டின் மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு. திறக்கும் என்பது தெரியும், எப்படி என்பது யாருக்கும் தெரியாது. என் வேலையும் தப்பும், வாக்கும் தப்பும். எல்லாருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று, ஓட்டை கண்டுபிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசாரணை நாளில் சூப்பரின்டென்டன்ட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே என் வீட்டுக்காரர், அவருக்கு இடது பக்கம் எங்கள் தலைமை நர்ஸான மேட்ரன், வலது பக்கம் நான். மேட்ரன் கண்டிப்பானவர், ஆனால் ஆள் குறைந்தால் தானே வார்டில் இறங்கி வேலை பார்க்கிறவர். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். என் வீட்டுக்காரர், கடையில் புதிதாக வாங்கிய அதே ரகப் பூட்டை அட்டைப்பெட்டியோடு சூப்பரின்டென்டன்ட்டிடம் கொடுத்தார். அவரே பிரித்துப் பூட்டிப் பார்த்தார். சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவர் கைக்குட்டையைப் போர்த்தினார். நான் மூச்சு விட்டு இழுப்பதற்குள் பூட்டு வாய் திறந்துவிட்டது.

இப்போது எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள் என்று காத்திருந்தேன். சூப்பரின்டென்டன்ட் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இந்தப் பூட்டைக் கீறல் விழாம திறக்கத் தெரிஞ்ச ஆளு உங்க வீட்டுலயே இருக்காருன்னு சொல்றீங்க. இதுவரைக்கும் எனக்குச் சந்தேகம்தான் இருந்துச்சு."

அப்படி இல்லை சார், யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று இவர் குழறினார். எப்படி என்று அவர் கேட்டார். இவர் வாயை மூடிக்கொண்டார். வாக்கு! கம்பெனிக்காரனுக்குக் கொடுத்த வாக்கு! எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவர் பதறினால் கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். ஞாயிற்றுக்கிழமை மேசையில் செய்கிற மாதிரியே பூட்டை அழுத்திப் பூட்டி, தகட்டோடு சேர்த்து, யோசனையே இல்லாமல் இடது பக்கம் நீட்டிவிட்டார். மேட்ரனும் வாங்கிக்கொண்டார்.

மேட்ரன் அப்போது எனக்காகப் பேசிக்கொண்டிருந்தார். சார், இவளை எனக்கு நல்லாத் தெரியும், கை சுத்தமான பொண்ணு, வேறு ஏதாவது நடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண் சூப்பரின்டென்டன்ட் முகத்தில் இருந்தது. கை மடியில் இருந்தது. பேச்சின் நடுவே டக் என்று ஒரு சத்தம். எல்லாரும் அவர் மடியைப் பார்த்தோம். பூட்டு திறந்திருந்தது.

சூப்பரின்டென்டன்ட் சிரித்துவிட்டார். மேட்ரனே திறந்துவிட்டார் என்றால் இது பூட்டே இல்லை, விளையாட்டுச் சாமான் என்றார். இனி இதை வைத்து யார்மேலும் பழி போட முடியாது, எல்லா வார்டிலும் பூட்டை மாற்றிவிடலாம், நான் மறுபடி வேலைக்கு வரலாம், விஷயம் வெளியே போகக் கூடாது என்று மளமளவென்று சொன்னார். உத்தரவை டைப் அடித்து எடுத்து வருகிறேன், வெளியே இருங்கள் என்றார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை. என் காதருகே குனிந்தார்.

"கைக்குட்டைக்கு அடியிலதானே நான் திறந்தேன். அவங்களால எதையும் பாத்திருக்க முடியாது. முதல் தடவை தொடுறவங்களுக்கு அது அவ்வளவு சுலபமா வராது."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. மேட்ரன் இதை ஏற்கெனவே திறந்து பழகியவர். சற்றுத் தள்ளி ஜன்னலோரம் மேட்ரன் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் நாங்கள் என்ன பேசினோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரே வந்தார். இவரைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார்.

"ரொம்ப நாளைக்கு முன்னாடிம்மா. அலமாரிச் சாவி தொலைஞ்சுபோச்சு. நோயாளி வலி தாங்காம கத்திட்டு இருந்தாரு. எதையெதையோ விட்டு நோண்டினேன், திறந்துடுச்சு. அதுக்கப்புறமும் அவசரத்துக்கு ரெண்டு மூணு தடவை. எடுத்தது எல்லாம் நோயாளிக்குத்தான், கணக்குல ஏத்திட்டேன். இந்த மருந்தை நான் எடுக்கலம்மா."

"அப்போ சாவி இல்லாம திறக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் வீட்டுல உக்காந்து அழுதுட்டு இருந்தப்பவும் தெரியும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரியும் என்று வாயைத் திறந்தால் தன்னைத்தான் பிடித்திருப்பார்கள் என்றார். ஓய்வு பெறுகிற நேரத்தில் அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போக முடியாது என்றார்.

நான் என்ன நினைப்பது? மேட்ரன் உண்மையைச் சொல்கிறார் என்று ஒரு பக்கம் நம்பினேன். திறக்கத் தெரிந்தவரெல்லாம் எடுத்தவர் என்றால் என் வீட்டுக்காரர் மேலும் அதே பழிதான், கொஞ்ச நேரம் முன்னால் அதைத்தானே அநியாயம் என்றோம். இன்னொரு பக்கம், அந்த வார்டில் அந்தத் தகட்டு வித்தை தெரிந்தவர் வேறு யார்? எனக்காகப் பரிந்து பேசினாரே, அது பாசமா, குற்ற உணர்ச்சியா? கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் இவர்மேல் காட்டினேன். இந்த அம்மாவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ரெண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள், உங்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நான் வாக்குக்காக வாயை மூடினேன், அவர் பயத்தில் மூடினார் என்று இவர் மெதுவாகச் சொன்னார். எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அதைச் சொல்லவும் செய்தேன்.

அதற்குள் கதவு திறந்தது. சூப்பரின்டென்டன்ட் உத்தரவை என் கையில் கொடுத்தார். மருந்தை எடுத்தவர் இன்னும் கிடைக்கவில்லை, அதை அவர் தனியாக விசாரிக்கப்போவதாகச் சொன்னார். உங்களுக்கு யார்மேலாவது சந்தேகம் உண்டா, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றார். மேட்ரன் என்னைப் பார்த்தார். இவரும் என்னைத்தான் பார்த்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அது உண்மைதான், ஆனால் அந்த உண்மை ஒரு நிரபராதியைக் கொன்றுவிடலாம். சொல்லாவிட்டால் திருடியே என்னோடு டியூட்டி பார்க்கலாம். வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.