சொறிந்த தலைக்கு மருந்து

ஓசெல்லா ப்ரூயிட் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது அமெரிக்காவின் கேரி நகரத்தில் அவளிடம் முடி நேராக்கிக்கொள்ள வரும் கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் வருவார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு நாற்காலி, ஒரு கழுவுதொட்டி, சுவரில் நீளக் கண்ணாடி, அவ்வளவுதான் கடை. ஆனால் முப்பது வருஷமாகச் சுருட்டை முடியை நேராக்கும் கார மருந்து போட அவளைப்போல் பக்குவமான கை அந்த வட்டாரத்தில் கிடையாது. அந்தக் கைக்காக அந்த வாயைப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காமல் போன ஒரே ஆள் அவள் பெற்ற மகள் வெர்னிட்டா.

வெர்னிட்டா ஐந்து வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காரணம் என்னவென்று கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். பொடுகு.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தலையெல்லாம் பொடுகு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஓசெல்லா சோபாவில் உட்கார்ந்து, மகளைக் கீழே தரையில் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்துக்கொள்வாள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, சீப்பின் நுனியால் மெல்லச் சுரண்டி, செதில்களைக் கிளப்பி எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து நீலநிறக் களிம்பை வழித்து வகிடு வகிடாகத் தேய்ப்பாள். அந்தத் தெருவில் எல்லா அம்மாக்களும் செய்கிற காரியம்தான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஓசெல்லா மகளை எதற்கும் அதட்டமாட்டாள். வெர்னிட்டா சொக்கிப்போய் அம்மாவின் முழங்காலில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்வாள். அடுத்த சனிக்கிழமைக்குள் பொடுகு முன்னைவிட அதிகமாகியிருக்கும். அந்தக் களிம்புதான் அதற்குத் தீனி போடுகிறது என்று அங்கே யாருக்குத் தோன்றப்போகிறது?

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஈஸ்டர் ஞாயிறு. வெர்னிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவோடு எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெர்னிட்டா கருநீல உடை உடுத்தியிருந்தாள். ஓசெல்லா மகளின் தோளில் உதிர்ந்து கிடந்ததைக் கையால் தட்டிவிட்டு, சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள்: "கேக் பண்றப்போ தேங்கா வாங்காதீங்க. இவள ஒரு தடவ தலைய ஆட்டச் சொன்னா துருவல் தேறிடும்."

கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். அதைத்தான் வெர்னிட்டாவால் தாங்க முடியவில்லை. ஒரு மாதத்தில் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளீவ்லாண்டில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். ஓசெல்லா பார்ப்பவர்களிடமெல்லாம் தமாஷுக்குச் சொன்னது என்றே ஐந்து வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தாலும் வறட்டு வீம்பு விடுகிறதா?

பிப்ரவரியில் ஓசெல்லாவின் அக்கா பேர்லீன் இறந்துபோனாள். வெர்னிட்டாவைப் பாதி வளர்த்தவள் அவள். புதன்கிழமை ஒரே ஒரு பையோடு வெர்னிட்டா பேருந்தில் வந்து இறங்கினாள். திங்கட்கிழமை அடக்கம், செவ்வாய்க்கிழமை திரும்பிவிடுவேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஓசெல்லா தலையை ஆட்டினாள். இந்த ஆறு நாளைக்கு என் நாக்கை அறுத்துப் போட்டாலும் சரி, இவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன் என்று மனதுக்குள் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தாள். மகளைத் திரும்பப் பெற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கிளம்பிய அவசரத்தில், டாக்டர் எழுதிக்கொடுத்த ஷாம்புவை வெர்னிட்டா கிளீவ்லாண்டு வீட்டுக் குளியலறையிலேயே விட்டுவிட்டாள். அது இல்லாமல் அவளுக்கு மூன்று நாள் தாங்காது. வெளியே ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கிறது, உள்ளே ஹீட்டர் இரவும் பகலும் ஓடிக் காற்றில் பொட்டு ஈரமில்லை. வியாழக்கிழமையே அரிப்பு ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பத்து விரலாலும் சொறிந்தாள். சொறிந்தபின் தலையணையைத் தட்டி, உதிர்ந்ததை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்தாள். முப்பத்துநான்கு வயதுப் பெண், அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று திருடியைப்போல.

சனிக்கிழமை காலையிலிருந்து குடும்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கீழ்த்தளத்தில் முடியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். அடக்கத்துக்கு முதல் வரிசையில் உட்காரும் பெண்கள் தலையை அப்படியே போட்டுக்கொண்டு போனால் அது இறந்தவளுக்கு மரியாதை இல்லை. நாலு மணிக்கு வெர்னிட்டா ஒருத்திதான் பாக்கி. மூன்று மாதமாக மருந்து போடாததால் அடியில் இரண்டு விரல்கடை சுருட்டையாக வளர்ந்து நின்றது.

"வா, உக்காரு," என்றாள் ஓசெல்லா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி வெர்னிட்டா கேட்டதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும், யாரிடமும் கேட்கிற கேள்வியை ஓசெல்லா கேட்டாள். மருந்துக்கு முந்திய ஒரு வாரம் தலையைச் சொறியக் கூடாது. நகம் பட்ட இடத்தில் மருந்து பட்டால் வெந்துபோகும். அங்கே எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

"சொறிஞ்சியா?"

"இல்ல."

ஓசெல்லா முதல் வகிடு எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. காதுக்குப் பின்னால் மஞ்சளாகத் தடித்துப்போன செதில். பிடரிப் பக்கம் நகக்கீறல்கள், வரிசையாக, இன்னும் சிவப்பு ஆறாமல். இரண்டாவது வகிட்டிலும் அதே. சீப்பு அப்படியே நின்றது.

இதுவே வேறு யாராவது என்றால், "எந்திரி, அடுத்த வாரம் வா, என் காதுலயே பூ சுத்தறியா?" என்று விரட்டியிருப்பாள். ஆனால் இது வெர்னிட்டா. சொறிந்திருக்கிறாய் என்று சொன்னால் பொடுகைப் பற்றிச் சொன்னதாக ஆகும். பொடுகைப் பற்றிச் சொன்னால் அந்த ஈஸ்டர் ஞாயிறு மறுபடியும் நடுவில் வந்து நிற்கும். மருந்து வேண்டாம், சூட்டுச் சீப்பால் நீவிவிடுகிறேன் என்றால் மட்டும் சும்மா இருப்பாளா? ஏன், என்ன பார்த்தாய் என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஆயுசு முழுக்க அடக்கத் தெரியாத வாயை ஓசெல்லா அன்றைக்குப் பார்த்து அடக்கினாள். கீறல் இருந்த இடமெல்லாம் வாஸ்லின் களிம்பை அள்ளி அள்ளி அப்பினாள். கடிகாரத்தைப் பார்த்துச் சீக்கிரம் கழுவிவிட்டால் ஒன்றும் ஆகாது, என் கை என்ன நேற்று பிறந்த கையா என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு மருந்தை எடுத்தாள்.

நாலு நிமிஷம் கழித்து எரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் வெர்னிட்டா. ஆறாவது நிமிஷம் மறுபடியும் கேட்டாள். இல்லை. வெர்னிட்டா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள், கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எரிகிறது என்று சொன்னால் சொறிந்தது வெளியே வந்துவிடும். ஓசெல்லா கண்ணாடியில் அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். பாவம், பெரியம்மாவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது.

கழுவும்போது இடது காதுக்கு மேலிருந்து முடி கொத்தாகக் கையோடு வந்தது. தொட்டியில் தண்ணீரோடு அது சுழன்றது. முடி கழன்ற இடத்தில் தோல் வெள்ளையாக வழுவழுவென்று இருந்தது, பிறகு சிவந்தது, பிறகு நீர் கசிந்தது. பிடரியிலும் அப்படியே. வெர்னிட்டா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். காதுக்கு மேலே இனி முடி முளைக்குமா என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது வெர்னிட்டா கேட்டாள்.

"வகிடு எடுக்கறப்போ பாத்தியா?"

ஓசெல்லாவுக்கு இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

"பாத்தேன்."

"பாத்துட்டா போட்ட?"

"சொன்னா நீ கெளம்பிடுவ. உன்ன இன்னொரு தடவ அனுப்ப எனக்குத் தெம்பில்ல, வெர்னிட்டா. அதான் பேசாம இருந்தேன். தப்பு என்னுது. மருந்த கையில வச்சிருந்தது நான்தான்."

வெர்னிட்டா கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, சொறிந்தேன் என்று சொன்னால் நீ பேசுவாய் என்றுதான் நானும் சொல்லவில்லை என்றாள். கெட்டிக்காரிகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் பிறந்திருக்கிறோம் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், கட்டு இழுத்ததால் முகம் சுளித்தது. ஓசெல்லா எழுந்துபோய் அவளுக்குச் சூடாக வேறு காப்பி ஊற்றிக் கொடுத்தாள். புண் காயும்வரைக்கும், ஒரு வாரமோ பத்து நாளோ இங்கேயே இருக்கட்டுமா என்று வெர்னிட்டா கேட்டாள். அவளாகவே கேட்டாள். ஓசெல்லா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை பேர்லீனை நல்லபடியாக அடக்கம் செய்தார்கள். எல்லாத் தலையும் பளபளவென்று இருக்க, முதல் வரிசையில் வெர்னிட்டா மட்டும் கறுப்புத் துணியை நெற்றிவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜனங்கள் பாடிக்கொண்டே அவளைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே பாடினார்கள்.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு. வறுத்த கோழி, கீரை, சீஸ் போட்ட மக்ரோனி. ஓசெல்லாவைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் அவளிடம் வருகிறவர்கள், அதிலும் சபைச் சகோதரி ஹார்ட்டென்ஸ் கடை திறந்த முதல் வருஷத்திலிருந்து வருகிறவள். ஆஸ்பத்திரிக்குப் போன கதை அதற்குள் ஊர் சுற்றி வந்திருந்தது.

"ஏன் ஓசெல்லா," என்றாள் ஹார்ட்டென்ஸ், எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு. "வயசாயிடுச்சில்ல. கை பிசகறது எல்லாருக்கும் வர்றதுதான்."

மற்ற மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். அவர்கள் கை தன்னையறியாமல் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அது ஓசெல்லாவின் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், வாய் அவளைக் கேட்டுக்கொண்டா திறந்தது?

"என் கையா? முப்பது வருஷத்துல என் கையில ஒரு தல வெந்தது கெடையாது. சொறியலன்னு சாதிச்சுட்டு வந்து உக்காந்தா நான் என்ன பண்றது, ஹார்ட்டென்ஸ்? அவ தல பொறந்ததுலேருந்து அப்படித்தான். உப்புத்தாள வச்சுத் தேச்சாலும் போகாத பொடுகு. நகத்த வச்சுப் பிறாண்டி வச்சிருந்தா."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தக் காலத்துப் பெண்கள் பேச்சில் உண்மையே கிடையாது என்றாள் ஹார்ட்டென்ஸ். சொல்லிக்கொண்டே அவள் பார்வை ஓசெல்லாவின் தோளுக்கு மேலே போய் நின்றது.

வெர்னிட்டா அம்மாவுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள்.

கோபம் எதுவும் காட்டவில்லை. கோப்பையை அம்மாவின் முன்னால் வைத்தாள். குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கிற அளவுக்கு, ஆனால் கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "நேத்து எங்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லும்மா."

ஓசெல்லா மகளைப் பார்த்தாள். நாலு பெண்களையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்று சொன்னால் ஈஸ்டருக்கு ஒரு தலையும் அவள் நாற்காலிக்கு வராது. முப்பது வருஷப் பேர் இந்த மேஜையிலேயே முடிந்துபோகும். சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எந்த நேரத்திலும் தயாராக இருக்கிற அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வெர்னிட்டா காத்திருந்தாள். நிறைய நேரம் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அம்மா சொன்னது நெசந்தான், சகோதரி," என்றாள் ஹார்ட்டென்ஸிடம். "சொறிஞ்சுட்டு நான்தான் பொய் சொன்னேன். அம்மா கை பிசகல."

மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். நடையில் வேகம் இல்லை. வாசலில் போதகரின் மனைவியிடம் கை கொடுத்து விடைபெற்றாள். பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குத்தான் போவாள், இப்போதே ஓடிப்போய்ப் பிடித்தால் பிடித்துவிடலாம் என்று ஓசெல்லாவுக்குத் தெரிந்தது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடினால் அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரிந்தது. வெளிக்கதவு திறந்து குளிர்காற்று ஒருமுறை உள்ளே வந்துவிட்டு நின்றது.

ஹார்ட்டென்ஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, பிள்ளைகள் அப்படித்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். தட்டில் இன்னொரு துண்டு கோழியை எடுத்து வைத்தாள். பிறகு பைக்குள்ளிருந்து சின்ன டைரியை எடுத்து விரித்து, ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை காலை பத்து மணியைத் தனக்கு ஒதுக்கி வைக்கச் சொன்னாள்.

ஓசெல்லா சரி என்றாள்.