கீரை கொன்ற நாள்

என் அக்கா டெல்ஃபா தன் புருஷன் ஓரினைப் புதைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். திறந்து காட்டச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. பாதிரியார் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தபோது, அவர் தோளுக்கு மேலே சுவரில் இருந்த விளக்குப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓரின் செத்தது சுரங்கத்தில். ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டு தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைக்கு மேலே இருந்த பாறை இறங்கிவிட்டது. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் சுரங்கத்துக்கு ஆளைக் கொடுக்காத குடும்பம் குறைவு. அதனால் சாவு வீட்டில் என்ன சொல்வது, என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று எல்லோருக்கும் தெரியும். பன்றித் தொடைக்கறி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, நான்கு வீட்டிலிருந்து வாழைப்பழப் புட்டிங் வந்தது. பாத்திரங்களின் அடியில் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். அவற்றைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதே எனக்குப் பாதி வேலை.

ஆனால் வந்தவர்கள் வாசலில் நின்று இன்னொன்றையும் முணுமுணுத்தார்கள். கூரையைத் தாங்க போல்ட் அடிக்காத இடத்துக்குள் ஓரின் தானாகவே போய்விட்டான் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பதினேழு வருஷம் கரி வெட்டியவன். "அவனுக்குத் தெரியாதா என்ன, ஏன் போனான்?" என்று ஒருத்தி தேவாலயப் படியில் வைத்தே கேட்டாள். டெல்ஃபாவின் காதில் விழும்படிதான் கேட்டாள். டெல்ஃபா அவளிடம், "உங்க கிண்ணம் கழுவி வச்சிருக்கு, வெர்லி கொண்டாந்து தருவா" என்றாள். வெர்லி நான்தான்.

எதைக் கேட்டாலும் "சரி" என்பாள். சாப்பிடுகிறாயா? சரி. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மேலே எதையும் வைக்காமல் நிற்பாள். நான் போய் அணைப்பேன்.

பத்தொன்பதாம் நாள் காலை, சமையலறை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "லெட்டூஸ் பூ விடப்போகுது. இன்னும் ரெண்டு நாள் போனா கசந்துடும்."

அவளாக வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசியது அன்றுதான். நான் துணி மடிப்பதை அப்படியே போட்டுவிட்டேன்.

"என்னக்கா பண்ணலாம்?"

"இன்னைக்குக் கொன்னுடலாம்."

எங்கள் பக்கம் அந்தச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். பறித்த லெட்டூஸ் கீரையின் மேல் பன்றிக் கொழுப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அது அந்த நிமிஷமே சுருண்டு படுத்துவிடும். அதனால் கொன்ற கீரை. மே மாதம் முழுக்க, வாரத்துக்கு மூன்று நாள், சிறு வயதிலிருந்து நான் சொல்லி வந்த வார்த்தைதான் அது. அன்றைக்குக் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவளுக்கு அப்படி எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஒரு பெரிய கூடை நிறையப் பறித்தோம். வெங்காயத்தாளும் பத்துப் பன்னிரண்டு பிடுங்கினோம். அதற்கு முன்தினம்தான் மழை பெய்திருந்ததால் இலையெல்லாம் மண். அவள் தொட்டியில் தண்ணீர் விட்டு அலசினாள். மாற்றி அலசினாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தண்ணீரும் தெளிவாகத்தான் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"போதும்கா, ஞானஸ்நானமா குடுக்குற அதுக்கு?" என்றேன்.

வழக்கமாக இதற்கு அவள் ஈரக் கையை என் முகத்தில் உதறுவாள். அன்று, "சரி" என்று சொல்லிவிட்டு இலைகளைத் துணியில் கொட்டி ஒற்றினாள். ஈரம் இருந்தால் கொழுப்பு ஒட்டாது.

பீன்ஸ் காலையிலேயே வெந்துவிட்டது. சோள ரொட்டியை நான் அடுப்புக்குள் வைத்தேன். அவள் இரும்புச் சட்டியில் உப்புப் பன்றிக்கறித் துண்டுகளைப் பரப்பி, சின்னத் தணலில் உருகவிட்டாள். அப்போதுதான் வெளியே ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

எஸ்டில். ஓரினின் தம்பி. அதே சுரங்கத்தில், அதே ஷிப்டில் அவன் மேற்பார்வையாளன். ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பாதையாக நடந்து போய், இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. நல்ல பாறை என்றால் கணீரென்று கேட்கும். கெட்ட பாறை காலிப் பானை மாதிரி கேட்கும். அண்ணனைப் புதைக்கிற அன்று மயானத்து வேலியோரம் நின்றான், பாட்டு முடிவதற்கு முன்பே போய்விட்டான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. துக்கம் தாங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டவில்லை. உள்ளே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குளிர்பதனப் பெட்டியோரம் நின்றான். இளைத்துப் போயிருந்தான். ஷேவ் செய்து பல நாள் ஆகியிருக்கும்.

"அண்ணி."

டெல்ஃபா திரும்பவில்லை. கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "உக்காரு எஸ்டில். ஆகப்போகுது."

"உக்கார வரலை. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடுறேன்."

"சொல்லு."

"நான் அன்னைக்கு நடக்கலை அண்ணி."

முதலில் எனக்குப் புரியவில்லை. கால் வலி ஏதோ சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தான்.

"கூரை பாக்க நடக்கணுமில்ல. நடக்கலை. கீழ சாப்பாட்டு இடத்துல உக்காந்துட்டு, ஏழு பாதையும் பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு மட்டும்னு சொல்ல மாட்டேன். அந்த மாசத்துல பாதி நாள் அப்படித்தான். முழங்கால் வலி, தூக்கம், என்னமோ. ஒண்ணும் ஆகலைன்னு பழகிப்போச்சு."

சட்டியில் கறி படபடவென்று பொரிந்தது. டெல்ஃபா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"அண்ணன் உள்ள போறதுக்கு முன்னால எங்கிட்டக் கேட்டான்," என்றான் எஸ்டில். "'டேய், மேல எப்படி இருக்கு?'ன்னு கேட்டான். 'தேவாலயம் மாதிரி கெட்டியா இருக்கு, போ'ன்னேன். சிரிச்சுட்டே போனான்."

நான் அடுப்புக்குள்ளிருந்து சோள ரொட்டியை வெளியே எடுத்தேன்.

"அப்ப போல்ட்டு?" டெல்ஃபாவின் குரல் கடையில் விலை கேட்கிற குரல் மாதிரி இருந்தது. "போல்ட்டு அடிக்காத இடத்துக்குப் போனான்னாங்களே?"

"போகலை. போல்ட்டுக்குக் கீழதான் நின்னான். போல்ட்டோட சேத்து இறங்கிடுச்சு. கம்பெனியில ஒரு காகிதம் எழுதிக் கொண்டாந்து கொடுத்தாங்க. அதுல அவனாவே போனான்னு எழுதியிருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் கொழுப்பில் வினிகரை ஊற்றினாள். சட்டி சீறியது. புளிப்பு ஆவி எழும்பி என் கண்ணைக் கரித்தது. சர்க்கரை ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். கொழுப்பு தெறித்து அவள் முன்கையில் விழுந்ததைப் பார்த்தேன். கையை இழுக்கவில்லை அவள். சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

எஸ்டில் அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றான். சட்டியில் கொழுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் அதை அவன் முகத்தில் வீசியிருந்தால் நான் தடுத்திருப்பேனா என்றும் தெரியவில்லை. அவனும் அதைத்தான் எதிர்பார்த்தான் போலிருந்தது. விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் மேஜைக்கு நடந்து, கிண்ணத்தில் குவித்திருந்த கீரையின் மேல் வட்டமாக ஊற்றினாள். ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் வந்தது. மலையாக இருந்த கீரை பாதியாக இறங்கியது. இரண்டு கரண்டியால் புரட்டி, கறியை நொறுக்கித் தூவி, ஒரு நிமிஷம் தட்டுப் போட்டு மூடினாள். பிறகு மூன்று தட்டு வைத்தாள்.

"உக்காரு. ஆறினா கொழுப்பு வெள்ளையா உறைஞ்சிடும், வாயில வைக்க முடியாது."

"அண்ணி, என்னைத் திட்டுங்க. எதையாவது எடுத்து அடிங்க."

"எனக்கு அது வரலை எஸ்டில். வந்தா செய்யமாட்டேனா? உக்காரு."

உட்கார்ந்தான். ஓரினின் நாற்காலியை விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் மூன்று பேருக்கும் கீரை வைத்து, பீன்ஸ் ஊற்றி, ரொட்டியைப் பிட்டுப் போட்டாள். ஸ்தோத்திரம் யாரும் சொல்லவில்லை. எஸ்டில் தின்றுகொண்டே அழுதான். மூக்கும் கண்ணும் ஒழுக, துடைக்காமல் தின்றான். டெல்ஃபா நிதானமாக மென்று தட்டைக் காலி செய்தாள். பத்தொன்பது நாளில் அவள் தின்ற முதல் முழுச் சாப்பாடு. எனக்குத்தான் இறங்கவில்லை. என் தட்டில் கொழுப்பு மெல்ல வெளுத்துக் கட்டியானது.

"சுரங்கத்தை விசாரிக்க வந்தாங்களே, அந்த அரசாங்க இன்ஸ்பெக்டருங்க இன்னும் பள்ளிக்கூடத்துலதான் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இந்த வாரம் வரைக்கும்."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் வண்டி ஓட்டிட்டு வரேன். நீ ஏறிக்க. இப்ப இங்க சொன்னதை அங்க சொல்லு."

எஸ்டில் தட்டைப் பார்த்தான். "வேலை போயிடும் அண்ணி. ஜெயில்லயும் போடுவாங்க."

"போடுவாங்க."

"எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"இருக்கு."

அவன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தான். போகும்போது வாசலில் திரும்பி, "கையப் பாருங்க, கொப்பளிச்சிருக்கு" என்றான். அப்போதுதான் அவள் தன் முன்கையைப் பார்த்தாள். நாணய அளவில் இரண்டு கொப்புளங்கள். நான் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரில் பிடித்தேன்.

"எப்படிக்கா உன்னால முடிஞ்சுது?" எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஓரின் கேட்ட கேள்விக்கு ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிச்சிருக்கான். சொந்த அண்ணனை. நீ சோறு போடுற!"

"அவனும் பசியாத்தான் இருந்தான்டி" என்றாள். அதைக்கூட இரக்கமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பது போலச் சொன்னாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவன் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தாள். வருவான் என்று நான் நம்பவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினான். பன்னிரண்டு மைல். பள்ளிக்கூட நூலகத்தில் மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். நாங்கள் தாழ்வாரத்தில், சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். இரண்டரை மணி நேரம்.

அவர்களில் ஒருவர் வெளியே வந்து, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று ஏதோ தொடங்கினார். டெல்ஃபா குறுக்கே பேசினாள்.

"என் புருஷன் மேல தப்புன்னு கம்பெனி எழுதி வச்சிருக்கே, அதை அடிச்சிடுவீங்களா?"

"அடிச்சிடுவோம்."

"சரி."

எஸ்டில் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். பாதி வழியில், ஆற்றோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, "கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்" என்றாள். தலையைக் கதவில் சாய்த்தவள் நான்கு மணி நேரம் தூங்கினாள். கரி லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. அவள் அசையவில்லை. மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன்.

எஸ்டிலுக்கு மேற்பார்வைச் சான்றிதழ் போனது. ஆறு மாதம் உள்ளே இருந்தான். கம்பெனி அபராதம் கட்டிவிட்டு வேறு பெயரில் அடுத்த மலையைத் தோண்டப் போனது. இறுதி அறிக்கை அக்டோபரில் தபாலில் வந்தது. ஓரின் போல்ட் அடித்த கூரைக்குக் கீழேதான் நின்றான் என்று அதில் ஒரு வரி. டெல்ஃபா தபால் பெட்டியருகே நின்றபடியே படித்தாள், மடித்தாள், என்னிடம் கொடுத்தாள். தேவாலயப் படியில் பேசியவளுக்குக் கொண்டுபோய்க் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

எஸ்டில் வெளியே வந்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கடையில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் அவளிடம் கேட்டே விட்டேன்.

"மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை" என்றாள். "ரெண்டுக்கும் எனக்கு இன்னும் தெம்பு வரலை வெர்லி."

மறு வருஷம் ஜனவரியில் பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த வாரம் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"நேத்து அழுதேன்டி" என்றாள்.

"எங்க?"

"செருப்புக் கடையில. வேலைக்கு வழுக்காத ஷூ வேணும்னாங்க. அந்தப் பொண்ணு குனிஞ்சு கயிறு கட்டி விட்டா. திடீர்னு வந்துடுச்சு. அவ பயந்துட்டா பாவம். இறுக்கிட்டேனாம்மா, இறுக்கிட்டேனாம்மான்னு கேக்குறா."

"ரொம்ப நேரமா?"

"அரை மணி இருக்கும்."

"அப்புறம் என்னக்கா பண்ண?"

"அப்புறம் என்ன, ஷூ வாங்கினேன். ஏழரை நம்பர். நல்லாத்தான் இருக்கு."