வெள்ளம் வராத தட்டு

எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு வாளிகள் உண்டு. நீல வாளி வீட்டுத் துணிக்கு, சிவப்பு வாளி ஆலைத் துணிக்கு. மறந்தும் மாற்றக் கூடாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், எனக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று இரண்டையும் ஒன்றாக ஊறப்போட்டுவிட்டார். கண்ணுக்கே தெரியாத கண்ணாடி இழைகள் மாமியார் சேலையிலிருந்து தலையணை உறை வரைக்கும் ஏறி, வீடே சொறிந்துகொண்டு திரிந்தது. பார்க்க வந்த விருந்தாளியும் சொறிந்துகொண்டே காபி குடித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அவர் நல்லது செய்யக் கிளம்பினால்தான் எனக்குப் பயம்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது கண்ணாடியை உருக்கி நூல் இழுக்கிற ஆலையில். ஒரு கூடத்தில் நூல். அது துணியாகும், வயருக்கு உறையாகும். அடுத்த கூடத்தில் பஞ்சு. பஞ்சு மிட்டாய் சுற்றுகிற மாதிரி உருகிய கண்ணாடியைச் சுழற்றி வீசி, பசை தெளித்து, மெத்தையாகச் சுட்டு எடுப்பார்கள். சூடும் குளிரும் உள்ளே வராமல் சுவருக்குள் வைப்பதற்கு. என் வேலை நூலைச் சோதிப்பது. கறுப்புப் பலகை முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு பிசிறு தேடுவேன். அவர் உலைக்குக் கீழே நின்று இழை பிடிப்பவர்.

என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான். படித்தவன், புதிது புதிதாகக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு சின்னப் பட்டறையும் சாவியும் கொடுத்து வைத்திருந்தார்கள். எந்நேரமும் துளை போட்ட தட்டும் கையுமாக அலைவதால் ஆலையில் அவன் பெயர் சல்லடை. "சல்லடை சார் வராரு, விலகுங்கப்பா" என்று அவன் காதுபடவே சொல்வார்கள். அவனுடைய முதல் கண்டுபிடிப்பு பஞ்சுக்கு ஒரு புதுப் பசை. பஞ்சு பஞ்சோடு ஒட்டவில்லை, ஓடுகிற பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டது. மேனேஜர் உட்பட எல்லோரும் உட்கார்ந்து சுரண்டினோம். இரண்டாவது, நூல் சுற்றுகிற ஒரு மெஷின். அது சுற்றிய நூலின் நுனியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவதுதான் இந்தத் தட்டு.

உலையின் அடியில் பிளாட்டினம் கலந்த ஒரு தட்டு இருக்கும். அதில் வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள். துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கண்ணாடி இழை இறங்கும், முடியைவிட மெல்லிசாக. எல்லாவற்றையும் ஈர உருளையில் தொட்டு, ஒன்றாகச் சேர்த்து, கீழே சுற்றி எடுப்பார்கள். துளை வரிசைகளுக்கு நடுவே சூட்டை இழுத்துக்கொள்ள உலோகப் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகளுக்கு இடம் விட்டே தீரவேண்டும் என்பதால் துளைகளை நெருக்கமாகப் போட முடியாது. என் தம்பி பட்டைகளைப் பிடுங்கிப் போட்டான். துளைகளை நெருக்கிப் போட்டு, கீழேயிருந்து காற்றை அடித்துக் குளிர வைத்தான். அதே அளவுத் தட்டில் நூல் இரண்டு மடங்கு.

அதில் ஒரே ஒரு பயம் உண்டு. ஓர் இழை அறுந்தால், அந்தத் துளையில் தேங்குகிற கண்ணாடி பக்கத்துத் துளையோடு சேர்ந்துவிடும், நடுவே தடுக்கப் பட்டை இல்லையே. அது அடுத்ததை இழுக்கும், அடுத்தது அடுத்ததை. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்கப் பரவி, கயிறு கயிறாகக் கீழே கொட்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளம். காற்று சரியாக அடித்தால் வெள்ளம் வரவே வராது என்றான் தம்பி.

சோதனைக்கு ஒரு சின்ன உலை ஒதுக்கினார்கள். பகலில் ஓட்டி மாலையில் உறையவிடுவார்கள். "மாமா கையில ஓடட்டும், வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்" என்று தம்பி கேட்டு வாங்கினான். வாரக்கணக்கில் ஓடியது. ஒரு வெள்ளமும் இல்லை. தினமும் சாயங்காலம் அவன் வந்து கழிவுத் தொட்டியைக் குனிந்து பார்ப்பான். நாலைந்து உருண்டைச் சொட்டுகள் மட்டும் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான சின்னப் பையன் மாதிரி என் ஜன்னலுக்கு வந்து கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போவான். என் பெருமை எனக்குத் தாங்கவில்லை. பெல்ட்டைச் சுரண்டியபோது சிரித்தவர்கள் முகத்தை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன்.

முதலாளியம்மா புதன்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. வந்து பார்த்துவிட்டு எல்லா உலைக்கும் இந்தத் தட்டையே போடச் சொல்லப் போகிறார். இதுவும் தேறாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிடுவது என்றும் முடிவாகியிருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு வாளியில் போடுவதற்கு முன் அவருடைய கால்சட்டைப் பையை உதறினேன். தரையில் கண்ணாடி சிதறியது. உருண்டைச் சொட்டுகள் இல்லை. தட்டையான வில்லைகள். ஒவ்வொன்றிலும் துளைகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. பல துளைகளின் கண்ணாடி ஒன்றாகச் சேர்ந்தால்தான் அப்படி ஒரு வில்லை உண்டாகும்.

அவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வில்லைகளைப் பலகைமேல் வைத்தேன்.

"என்னங்க இது?"

பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். "கழிவு."

"கழிவு தொட்டியிலதான கெடக்கணும்? பாக்கெட்டுக்கு எதுக்கு வந்துச்சு?"

கொஞ்ச நேரம் பூசி மெழுகப் பார்த்தார். நான் விடுகிற ஆளா? கடைசியில் சொன்னார். வெள்ளம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்று, இரண்டு துளைகள் சேரப் பார்க்கிறபோதே பித்தளைக் கம்பியால் தொட்டுப் பிரித்துவிடுவார். பெரிதாகச் சேர்ந்தால் ஒரே சுண்டில் எடுத்துவிடுவார். என் தம்பி தொட்டியில் பார்த்தால் மனசு ஒடிந்துபோவானே என்று பையில் போட்டுக்கொள்வார்.

"அவனுக்குத் துரோகம் பண்றீங்கன்னு தெரியலையா?"

"துரோகமா? கொழந்தை நடக்கப் பழகும்போது வெரலப் பிடிச்சுக்கறதில்லையா? அந்த மாதிரிதான்."

"வெரலப் பிடிச்சுக்கிட்டே ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சதா மெடல் வாங்குவீங்களா? நாளைக்கு எல்லா உலையிலயும் இத மாட்டுவாங்க. ஒரு ஆளு நாலு உலை பாக்கணும். கம்பிய வெச்சுக்கிட்டு எவன் நிப்பான்? புதுசா வந்தவங்க கால்மேல கொட்டினா?"

அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புதன்கிழமை வரைக்கும் விடும்மா. அப்புறம் நானே அவன்கிட்ட பக்குவமா சொல்லிக்கறேன். மூணாவது தடவையும் சிரிப்பாங்க, அவனால தாங்க முடியாது."

அவனால் தாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அன்று துணியைத் துவைத்த வேகத்தில் ஒரு சட்டை கிழிந்தே போனது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போய், வில்லைகளைத் தம்பியின் மேசைமேல் கொட்டினேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன், சொல்லவே தேவைப்படவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவன் போட்ட துளைகளின் தடம் அவனுக்குத் தெரியாதா?

"மாமாவா?"

"ஆமா."

அவன் அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். வில்லைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"எனக்குத் தெரியும்னு மாமாகிட்ட சொல்லிடாதக்கா."

அதைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. இவனும் மறைக்கப் போகிறானா? புதன்கிழமை தாண்டினால் போதும் என்று இவனும் நினைக்கிறானா? கேட்க வாய் வரவில்லை. வில்லைகளைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது, இனி அவன் பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றும் மறுநாளும் கறுப்புப் பலகை முன்னால் உட்கார்ந்து ஒரு பிசிறையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

புதன்கிழமை முதலாளியம்மா வந்தார். அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உலைமுன் நின்றார். பஞ்சுக் கூடத்திலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் குளித்து, சவரம் செய்து, பித்தளைக் கம்பியைச் சட்டைக் கையோடு ஒட்டிப் பிடித்தபடி மேடையில் நின்றார். இழைகள் மழை மாதிரி இறங்கின. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை அழகு.

தம்பி மேடைக்குப் போனான். "மாமா, கம்பியக் குடுங்க. நீங்க எறங்கி அக்கா பக்கத்துல நில்லுங்க."

அவர் விழித்தார். "மாப்ள, நான் இங்கயே இருக்கறேனே."

"எறங்குங்க மாமா."

கம்பியை வாங்கிக் கழிவுத் தொட்டிக்குள் போட்டான். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, ஒருமுறைதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. நடக்காமலே போய்விடாதா என்று எனக்கும் ஓர் அசட்டு ஆசை. பிறகு எங்கோ ஓர் இழை அறுந்தது. அவருடைய உடம்பு தானாக முன்னால் போனது. தொட்டி பக்கத்தில்தான் இருந்தது, கையை நீட்டினால் கம்பி. நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். ஊரே பார்க்க, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. "விடு, விடும்மா, போச்சு, பிள்ளை போச்சு" என்று முனகினார். என் பலம் முழுவதையும் போட்டுப் பிடித்தேன். என் தம்பியின் தட்டு என் கண்ணெதிரே பாழாகிக்கொண்டிருந்தது, அதைக் காப்பாற்றக்கூடிய கைகளை நானே பிடித்து வைத்திருந்தேன்.

தட்டு முழுக்கப் பளபளவென்று ஒன்றானது. கண்ணாடி கயிறு கயிறாக இறங்கித் தொட்டியில் விழுந்து புகைந்தது. பஞ்சுக் கூடத்துப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டி அடக்கினார்கள்.

"இத்தனை நாள் எப்படி ஓடுச்சு?" என்றார் முதலாளியம்மா.

"என் தட்டு ஓடலைங்க" என்றான் தம்பி. "எங்க மாமா கை ஓடுச்சு. எனக்கே முந்தாநாள்தான் தெரியும். இத மத்த உலைல மாட்ட வேண்டாம்."

அவன் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. நான் வாழ்க்கையில் அவனைப் பற்றிப் பெருமைப்பட்டதெல்லாம் அன்று பட்டதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"அப்ப சாவி?" என்றார் முதலாளியம்மா.

தம்பி பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து நீட்டினான். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டு கத்தினார்.

"மாப்ள! மூலை! கதவுப் பக்கத்து மூலையப் பாரு! நான் எப்பவும் நடுவுலதான் எடுப்பேன், நடுவுலதான் வருதுன்னு நெனச்சேன். அது மூலையில ஆரம்பிச்சுதான் நடுவுக்கு வருது! முழுசா வர விட்டாத்தானடா தெரியும், நான் எங்க விட்டேன்!"

தம்பி திரும்பிக் குனிந்தான். அவரும் ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்தார். அந்த மூலைக்குக் காற்று வருகிறதா, கதவைத் திறந்தால் கலைகிறதா என்று இரண்டு தலைகளும் ஒன்றாகத் தட்டின் அடியில். சாவி பிடித்த கை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டியபடியே இருந்தது. முதலாளியம்மா அந்தக் கையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அவனுக்குப் பஞ்சுக் கூடத்தில் மூட்டை கட்டுகிற இடத்தில் வேலை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரும்போது பையைத் தடவினான்.

"அக்கா, பட்டறைச் சாவிய எங்க வெச்சேன்?"

"அவங்ககிட்டயே குடுத்துட்டியேடா."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் அப்படியே வாடிப்போனது. என் வீட்டுக்காரர் அவனெதிரே வந்து நின்றார்.

"என்னாலதான மாப்ள?"

"உங்களாலதான் மாமா" என்றான். ஆறுதலுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. அவர் தலை குனிந்தது. எனக்கு இருவரையுமே அடிக்க வேண்டும் போலவும், கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். தட்டின் மூலையை வரைந்திருந்தான்.

"உக்காருங்க. இந்த மூலைக்குக் காத்து எந்தப் பக்கம் வந்தா சேராது? உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடனே பென்சிலை எடுக்கக் கையை நீட்டினார். தம்பி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க மாமா, போதும். கைய மட்டும் வெச்சுடாதீங்க."

என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.