வெட்டாத மூலை

இடுகாட்டு வாசலில் டிராக்டரை நிறுத்திய தங்கராஜு, செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் செருகினார். உள்ளே லாலான் புல் நெஞ்சளவு நின்றது. எது மேடு, எது பாதை, யாருக்குத் தலைமாடு எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை.

தோட்டம் கைமாறிவிட்டது. இங்கே புதைத்தவர்களைத் தோண்டியெடுத்து வேறு இடத்தில் வைத்துத் தருவதாக வாங்கிய கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குழிமேடுகளை மட்டும்தான். அளக்கிறவர்கள் மதியம் வருகிறார்கள். அதற்குள் புல்லை வெட்டியாக வேண்டும்.

குமுதா இருட்டோடு புக்கிட் செந்தோசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி வந்திருந்தாள். இந்தத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி, லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனவள். கைக்குழந்தைகளைக் கோடி மூலையில், பாரிட் வாய்க்கால் கரையோரமாகப் புதைப்பது இங்கே வழக்கம். அவளுடைய மகளும் அங்கேதான் இருந்தாள்.

"அண்ணே, அந்தக் கோடிக்கும் வருவீங்கதானே?"

"வராம என்னா? ஓம் புள்ளய மட்டும் வுட்டுட்டுப் போவேனா?"

தோட்டத்துக் கங்காணியான மண்டோர் தேவன் டோங் கேனில் பாதியளவு டீசலைக் கொண்டுவந்து இறக்கினான்.

"இவ்ளோதாண்ணே குடுத்தாங்க. மூனாவது கியரப் போட்டு, திராட்டில கொறச்சி வச்சி ஓட்டுங்க. வேலையும் சட்டுனு முடியும், டீசலும் மிச்சமாவும்."

"இஞ்சின் மெதுவா ஓடுனா கத்தி சுத்தாது தேவா. புல்லு படுக்கும், அறுபடாது."

"ஆபீஸ்ல அப்படித்தான் சொன்னாங்க. நா என்னா பண்றது லா? பாதியில தீந்துச்சின்னா எந்தலையிலதான் வுடியும்."

தங்கராஜு இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் அவரை லயத்து வீட்டில் விட்டு வைத்திருப்பது தேவனுடைய தயவு. மூன்றாவது கியரைப் போட்டார்.

அது அவருக்கும் மூத்த வண்டி. ஒரே இஞ்சின்தான் சக்கரத்தையும் உருட்ட வேண்டும், பின்னால் இழுத்து வரும் புல்வெட்டியையும் சுற்ற வேண்டும். கிளட்சை மிதித்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். கத்தி வேகமாகவும் சக்கரம் மெதுவாகவும் போக வேண்டுமென்றால் முதல் கியரைப் போட்டு, வேகம் கூட்டும் திராட்டில் பிடியை முழுக்க இழுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் சொன்னபடியேதான் ஆனது. டிராக்டர் போன தடத்தில் லாலான் படுத்தது, வண்டி தாண்டியதும் எழுந்தது. கத்தியில் புல் சுற்றிக்கொண்டு இஞ்சின் திணறி அணைந்தது. இறங்கிப் பாராங் கத்தியால் சுற்றலை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் சுற்றிக்கொண்டது. இரண்டு சுற்று முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஒரு மேடுகூடத் தெரியவில்லை. டீசல் மட்டும் இறங்கியிருந்தது.

தேவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சரிண்ணே, ஒங்க இஷ்டப்படி ஓட்டுங்க."

முதல் கியர் விழுந்தது. திராட்டிலைக் கடைசிப் பல்வரை இழுத்ததும் வண்டி அலறியது. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை, ஆனால் புல் தூளாகிப் பின்னால் பறந்தது. குமுதா முன்னால் நடந்து கம்பால் தரையைக் குத்திப் பார்த்தாள். மேடு தட்டுப்பட்டால் கையைத் தூக்குவாள், தங்கராஜு கத்தியைச் சற்று உயர்த்திக்கொண்டு கடப்பார். மேடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இது நாகமணி அத்த," என்றாள். "இது எங்க மாமனார். குடிச்சிட்டு என்னைய அடிக்க வருவாரு, பாவம்."

சொல்லும்போதெல்லாம் அவள் கண் கோடி மூலைக்குப் போய் வந்தது.

அதற்கு இன்னும் நாலைந்து சுற்றுதான் இருந்தது. இஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. தங்கராஜு டீசல் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்து வந்தது.

தேவன் காலி டோங்கை மோட்டாரில் கட்டிக்கொண்டு டவுன் பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் பறந்தான். திரும்பி வந்தபோதும் டோங் காலியாகவே இருந்தது.

"டோங்குல ஊத்த மாட்டாங்களாம். பெர்மிட் கேக்குறானுங்க."

அவனுக்குப் பின்னாலேயே அளக்கிறவர்களின் வண்டியும் வந்து நின்றது.

"மொத ரெண்டு சுத்துல போன டீசல் இருந்திருந்தா முடிச்சிருப்பேன்," என்றார் தங்கராஜு. தேவன் தரையைப் பார்த்தான். தங்கராஜு காலையிலேயே முடியாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். வீட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

குமுதா ஒருவரையும் பார்க்கவில்லை. டிராக்டரிலிருந்த பாராங்கை எடுத்துக்கொண்டு லாலானுக்குள் போனாள்.

வந்தவர்களில் ஜீவன் என்ற பையனுக்குத் தமிழ் தெரியும். மேட்டுக்கு மேடு சிவப்புக் கம்பு நட்டு, எண் எழுதிக்கொண்டே வந்தான். வெட்டிய புல் முடிகிற இடத்தில் நாடாவைக் கட்ட ஆரம்பித்தான்.

"தம்பி, அந்தப் பக்கமும் இடுகாடுதான். பூரா சின்னப் புள்ளைங்க," என்றார் தங்கராஜு.

"மேடு தெரியணும் அங்கிள். தெரியாதத நான் எப்படிப் பிளான்ல போடுறது?"

"இங்க இருக்கு! வந்து பாருங்க!" உள்ளேயிருந்து குமுதா கத்தினாள்.

ஜீவன் போய்ப் பார்த்தான். பாய் விரிக்கிற அளவுக்கு வெட்டியிருந்தாள். கையெல்லாம் கீறல். ஆனால் தரை சமமாக இருந்தது. குழந்தைக்குப் போட்ட மண் எத்தனை மழைக்குத் தாங்கும்.

"ஆன்ட்டி, இது பிளாட்டா இருக்கு. நான் நம்பர் குடுத்தா எங்க பாஸ் என்னைய ஏசுவாரு. சோரி."

அவன் நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்து போனைத் தூக்கிப் பிடித்தான். எல்லையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். நாடாவுக்கு அப்பால் லாலானுக்கு மேலே குமுதாவின் தலை மட்டும் தெரிந்தது.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க லா. நீங்க போட்டோவுல வுழுறீங்க."

அவள் தள்ளிப் போகவில்லை. வெட்டிய இடத்திலேயே உட்கார்ந்தாள். புல் அவள் தலைக்கு மேலே கூடிக்கொண்டது.

"ஆ, ஓகே ஆன்ட்டி," என்று ஜீவன் படம் எடுத்தான்.